மறைந்து நிற்கும் இலக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளாஸ்கோவிலிருந்து தெற்கே இறங்கும் ரயில் கடலை நெருங்கும் ஏர்ஷயர் பிரதேசத்தில், உழவுக்கும் உதவாமல் குடியிருப்புக்கும் உதவாமல், அலை ஒதுக்கிய மணலைக் காற்று வாரிக் குவித்த மேடுகளும் அவற்றின் மேல் குட்டையாகப் படர்ந்த புல்லுமாகக் கிடந்த ஒரு நெடிய நிலப்பகுதி, சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலத்திலிருந்தே கோல்ஃப் விளையாட்டின் க்ஷேத்திரங்களுள் ஒன்றாக விளங்கி வருகிறது. இத்தகைய கரையோர மைதானத்தை 'லிங்க்ஸ்' என்பார்கள். ட்ரூன், பிரெஸ்ட்விக் என்ற இரண்டும் அடுத்தடுத்து இருக்க, டர்ன்பெர்ரி சற்று எட்டத் தெற்கே இருக்கிறது. இம்மூன்றிலும் ரஸிகர்கள் பெயர் சொல்லி நினைவுகூரும் குழிகள் பல உண்டு. அவற்றுள் பெரும் புகழ் பெற்றவற்றை ஆராய்ந்து பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும்: ஆடுபவனுக்குத் தன் இலக்கு எங்கே இருக்கிறதென்று கண்ணால் காண முடியாத நிலையிலேயே மட்டையை வீச வேண்டிய இடங்கள் அவற்றில் ஏராளம். நவீன கோல்ஃப் சிற்பிகள் குற்றமென்று தள்ளிவிட்ட இந்த வழக்கத்தைப் பழமையின் பக்தர்கள் குணமென்று கொண்டாடுகிறார்கள். இரண்டு கட்சிகளிலும் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது வீண் முயற்சியாகாது.

இவ்வழக்கம் எவருடைய கொள்கையிலிருந்தும் பிறந்ததன்று. பிரெஸ்ட்விக் சங்கம் 1851ஆம் ஆண்டில் தோன்றியபோது, செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து வரவழைக்கப்பட்ட டாம் மாரிஸ் என்னும் பெரியவர், கையளவு நிலத்தில் 12 குழிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அமைத்துக் கொடுத்தார். மண்ணைப் பெயர்க்கும் யந்திரங்கள் அன்று ஏது? வழியில் ஒரு குன்று நின்றால் அதன் மேலாக அடிக்க வேண்டியதுதான். 1860 அக்டோபர் 17ஆம் தேதி எட்டே பேர் கூடி, அந்தப் பன்னிரண்டையும் ஒரே நாளில் மும்முறை சுற்றிவந்து, வில்லி பார்க் 174 அடிகளில் வெற்றிபெற்ற அந்தப் பந்தயம்தான் பின்னர் 'ஓப்பன்' என்று உலகப் பிரசித்தி அடைந்தது. அன்றைய முதற்குழி 578 கஜ நீளமுடையது; பெரியவரின் மகனான இளைய டாம் 1870ஆம் ஆண்டில் அதை மூன்றே அடிகளில் முடித்தான் என்ற அதிசயத்தை இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். அக்குழி மறைந்துவிட்டது, அது தொடங்கிய இடத்தை ஒரு கற்குவியல் மட்டும் காட்டுகிறது. ஆனால் அன்றைய இரண்டாவது குழி, இன்றைய பதினேழாவதாக, 'ஆல்ப்ஸ்' என்ற பெயருடன் இன்னும் ஆடப்படுகிறது.

ஏறத்தாழ 390 கஜ நீளமுள்ள அந்த ஆல்ப்ஸில், ஒடுங்கிய புல்வழியில் முதல் அடியை நிறுத்தியவன் நிமிர்ந்து பார்க்கையில், எதிரே புல் மூடிய மணற்குன்று ஒன்று வானத்தை மறைத்து நிற்கிறது. கொடி தெரியாது, கொடி நாட்டிய பசுந்தரை தெரியாது, எல்லாவற்றையும்விட, குன்றின் மறுபுறச் சரிவின் அடியில் வாய் பிளந்து காத்திருக்கும் 'சஹாரா' என்ற மணற்பள்ளமும் தெரியாது. விரும்பினால் குன்றின் மேல் ஏறிச் சென்று எட்டிப் பார்த்துத் திரும்பலாம். ஆனால் திரும்பி வந்து பந்தின் அருகில் நின்றதும், கண்டது கனவுபோலாகிக் குன்றே எஞ்சுகிறது. பந்து குன்றைத் தாண்டி மறையும். அதன் கதி என்னவென்று நடந்து சென்றுதான் அறிய வேண்டும்.

எதிர்க்கட்சியினரின் ஆட்சேபங்கள் எளிதில் தள்ளிவிடக் கூடியவையல்ல. ஒரே விதமாக அடிக்கப்பட்ட இரண்டு பந்துகளில் ஒன்று கொடியடியிலும் மற்றொன்று மணலிலும் விழுந்தால், அடித்தவனால் இரண்டுக்கும் பேதம் காணவே இயலாதபோது, அதைத் திறமைக்கு வைத்த பரீட்சை என்று எப்படிச் சொல்வது என்று அவர்கள் கேட்கிறார்கள். குன்றுக்கு அப்பால் நிற்கும் மனிதர்களின் தலைக்கு ஆபத்து உண்டு என்பது அடுத்தது. அதன் பொருட்டே அங்கே ஒரு மணி வைக்கப்பட்டிருக்கிறது, ஆட்டத்தை முடித்தவர்கள் அதை அடித்து, பின்னால் வருபவர்களுக்கு வழி திறந்ததை அறிவிக்க வேண்டும். பந்தின் பயணத்தைப் பார்ப்பதில் இருக்கும் இன்பமே பறிபோகிறது என்ற மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு மிகவும் கனமானதாகத் தோன்றுகிறது. வெள்ளைப் பந்து உயர எழும்பி, காற்றில் சற்றே தயங்கி, எண்ணிய இடத்தில் இறங்குவதைக் காண்பதற்காகத்தானே மனிதன் இவ்வளவு சிரமப்படுகிறான்! அதன் கடைசிப் பகுதியைத் திரைபோட்டு மறைத்துவிடுவது, கதையின் முடிவுப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு புத்தகத்தைக் கையில் கொடுப்பதாகும்.

பழமைக் கட்சியினர் இதற்குக் கூறும் பிரசித்தமான சமாதானம், மறைவு முதல்முறை ஆடுபவனுக்குத்தான், பழகியவனுக்கு மறைவே இல்லை என்பது. இந்தச் சமாதானத்தில் பாதிதான் உண்மை. பழகியவனுக்கு மறைவு இல்லையென்றால் அந்தக் குழியின் பெருமை அவனுக்கு மட்டும் எதனால் நிலைக்கிறது? அந்நியனுக்கு அநீதி, அங்கத்தினனுக்குச் சலிப்பு என்றல்லவா ஆகிவிடும்? உண்மையான சமாதானம் வேறிடத்தில் இருக்கிறது. நம் தர்க்க சாஸ்திரிகள் அறிவுக்கு வழிகளாகப் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் முதலானவற்றை வகுத்து, மலையில் புகையைக் கண்டவன் அங்கே நெருப்பு உண்டென்று நிச்சயிப்பதை அனுமானத்துக்கு உதாரணமாகக் காட்டினார்கள். ஆல்ப்ஸின் முன் முதன்முறையாக நிற்பவன் பையைச் சுமந்துவரும் உதவியாளனின் வார்த்தையை நம்பி அடிக்கிறான். அது சப்தப் பிரமாணம். அடிக்கடி வருபவனோ, இன்று வீசும் காற்றின் திசை, பந்து கிடக்கும் புல்லின் தன்மை, குன்றின் முகட்டில் எந்த இடத்துக்கு நேராக அனுப்பினால் அப்பால் எங்கே சென்று சேரும் என்ற பூர்வ அனுபவம் ஆகிய புகைகளைக் கொண்டு நெருப்பின் இடத்தை நிர்ணயிக்கிறான். கடற்கரையில் காற்று இரண்டு நாள் ஒன்றுபோல் இருப்பதில்லையாதலால், அந்த அனுமானத்தை ஒவ்வொரு நாளும் புதிதாகவே செய்ய வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மறைவு அனுமானத்துக்கு இடம் கொடுக்குமானால் அது குணம். கொடாவிட்டால் வெறும் கண்கட்டு. ஆல்ப்ஸ் இடம் கொடுக்கிறது. ஏனென்றால் அங்கே மறைந்த அடி இரண்டாவது அடி. எங்கிருந்து அதை அடிப்பது என்பதை முதல் அடியால் ஆடுபவனே தேர்ந்துகொள்கிறான். பேராசையால் குன்றின் அடிவாரத்தை ஒட்டிப் பந்தைச் செலுத்தியவன் அதைச் செங்குத்தாகத் தூக்க வேண்டிய சங்கடத்தில் அகப்படுவான். பின்னாலேயே நிறுத்தியவனுக்கு உயரத்தைப் பற்றிய கவலை குறைந்து தூரத்தைப் பற்றிய கவலை பெருகும். இவ்விரண்டுக்கும் நடுவில் விவேகம் வேலைசெய்யப் போதிய இடம் உண்டு.

அதே மைதானத்தின் ஐந்தாவது குழியான 'ஹிமாலயா' இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு நல்ல பனையின் உயரத்தைத் தாண்டாத மணல்மேட்டுக்கு அப்பெயரைச் சூட்டியவர்களின் கற்பனையை மெச்சத்தான் வேண்டும். ஆல்ப்ஸையும் சஹாராவையும் ஹிமாலயத்தையும் ஓர் உப்பங்காற்று மைதானத்துக்குள் அடக்கிவிட்ட அந்தத் துணிவு அக்காலத்து ஸாம்ராஜ்ய மனோபாவத்துக்கு மிகவும் ஏற்றதுதான். ஆனால் குழி என்ற முறையில் பார்த்தால், சுமார் 200 கஜ தூரத்தை ஒரே அடியில் மேட்டின் மேலாகத் தாண்ட வேண்டும். எந்த இடத்திலிருந்து தொடங்குபவர் எந்தப் பக்கம் குறிவைக்க வேண்டும் என்பதை மேட்டின் முகத்தில் பதித்த வர்ண வட்டத் தகடுகளே சொல்லிவிடுகின்றன. தகட்டைக் குறிவைத்து அடிப்பதைத் தவிர ஆடுபவன் யோசிப்பதற்கு மிகுதியாக ஒன்றுமில்லை. அப்பால் சென்று பந்தைக் கண்டதும் உண்டாகும் குதூகலம் குழந்தையின் குதூகலம். அதை நான் இகழவில்லை, ஆயினும் குதூகலத்தைக் கொண்டு சிற்பத்தின் உயர்வை அளக்கலாகாது.

மறைவுதான் மனத்தைக் கலக்குகிறது என்று எண்ணுபவர்கள் சற்று வடக்கே நடந்து ட்ரூனின் எட்டாவது குழியைப் பார்க்க வேண்டும். 123 கஜம், ஓப்பன் பந்தயங்கள் நடைபெறும் மைதானங்களில் இதைவிடச் சிறிய குழி இல்லை. ஆதியில் இதுவும் குன்றுக்கு மேலாகக் குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டியதாகவே இருந்தது. முறையீடுகள் பெருகவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பசுந்தரையைக் குன்றின் விலாவில் வெட்டியமைத்து எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார்கள். உயர்ந்த மேடையில் நின்று பார்த்தால் ஒன்றும் ஒளிந்திருப்பதில்லை. இடப்பக்கம் மணற்குன்று, சுற்றிலும் ஐந்து மணற்பள்ளங்கள், அவற்றுள் ஒன்றுக்குச் 'சவப்பெட்டி' என்றே பெயர், நடுவில் நீண்டு ஒடுங்கிய பசுந்தரை. அதன் சிறுமையை இளைய வில்லி பார்க் தபால்தலைக்கு ஒப்பிட்டு எழுதியதிலிருந்து 'தபால்தலை' என்பதே அதன் பெயராயிற்று.

இவ்வளவு வெளிப்படையான இந்தச் சிறு குழி செய்திருக்கும் காரியங்களைப் பாருங்கள். 1923ஆம் ஆண்டில் இதே மைதானத்தில் ஓப்பனுக்குத் தகுதிபெறாமல் திரும்பிய ஜீன் சாரஸென் என்ற அமெரிக்கர், ஐம்பது ஆண்டுகள் கழித்து 1973இல், 71 வயதுக் கிழவராக வந்து, இதை ஒரே அடியில் முடித்தார். மறுநாள் பந்து மணலில் விழ, அங்கிருந்து நேராகக் குழிக்குள் அனுப்பி இரண்டில் முடித்தார். ஜெர்மானிய அமெச்சூர் ஹெர்மன் டிஸ்ஸீஸ் 1950இல் ஒரு மணற்பள்ளத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்ப் போய் வந்து 15 அடிகளைச் செலவிட்டார். 1997இல் இளமையின் உச்சியில் இருந்த டைகர் வுட்ஸ் கடைசி நாளன்று இங்கே ஆறு வாங்கினார். ஒன்றுக்கும் பதினைந்துக்கும் இடையில் எந்த எண்ணையும் தரவல்ல 123 கஜம்! மறைந்த அபாயத்தின் முன் மனிதன் ஒருவகை அசட்டுத் தைரியத்துடன் வீசிவிடுகிறான். காணும் அபாயமோ அவன் மணிக்கட்டுக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே, மறைவை நீக்கினால் சுவை குன்றிவிடும் என்ற பழமைக் கட்சியின் பயம் ஆதாரமற்றது. அதே குன்று, முன்பு திரையாக நின்றபோது தந்ததைவிட, இன்று சுவராக நின்று அதிகம் தருகிறது.

ட்ரூனின் பதினோராவதான 'ரயில்பாதை'க் குழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முட்புதர்க் காட்டுக்கு மேலாகக் காணாத புல்வழியை நோக்கி முதல் அடி, வலப்பக்கம் தண்டவாளம். 1962இல் ஜாக் நிக்லஸ் இங்கே பத்து அடிகள் எடுத்தார்; அந்த வாரம் ஆர்னால்ட் பாமர் ஆறு அடி முன்னணியில் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். கடினம் என்பதைத் தவிர இதில் வேறு குணம் எதையும் நான் காணவில்லை.

டர்ன்பெர்ரியின் ஒன்பதாவது குழியோ நெடுங்காலம் கண்ணுக்கு விருந்தாகவே வாழ்ந்தது. இரண்டு உலக யுத்தங்களிலும் விமானத்தளமாகிச் சிதைந்த அந்த மைதானத்தை மெக்கென்சி ராஸ் மீண்டும் உருவாக்கி 1951இல் திறந்தார். கடலுக்குள் நீட்டிய பாறைமுனையில் தொடங்குமிடம், பக்கத்தில் 1873இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கமும் ராபர்ட் புரூஸ் மன்னனுடையதென்று பெயர்பெற்ற கோட்டையின் இடிபாடும், கீழே அலை, தூரத்தில் எய்ல்ஸா கிரெய்க் என்ற கருங்கல் தீவு. நாட்காட்டிகளில் அச்சிடுவதற்கென்றே பிறந்த காட்சி! ஆனால் அங்கிருந்து வீசிய பந்து போய் விழுந்த புல்வழி, மாட்டின் முதுகுபோல் நடுவில் புடைத்து இருபுறமும் சரிந்திருந்ததால், கற்குவியல் ஒன்றைக் குறியாகக் கொண்டு செவ்வையாக அடித்த பந்துகூடப் பக்கவாட்டில் வழுக்கி நெடும்புல்லில் போய்ச் சேரும். தரிசனம் அற்புதம், ஆட்டம் சாமானியம். 2016இல் மார்ட்டின் ஈபர்ட் என்ற சிற்பி அதைக் கலைத்து, கலங்கரை விளக்கத்தை நோக்கிக் குடாவின் மேலாக ஒரே அடியில் கடக்கும் குழியாக மாற்றினார். டாம் வாட்ஸனும் ஜாக் நிக்லஸும் 1977ஆம் ஆண்டு ஓப்பனில் கடைசிவரை மல்லாடிய மைதானத்தில் கைவைக்கலாமா என்று வருந்தியவர்கள் உண்டு. நான் வருந்தவில்லை, காட்சியும் ஆட்டமும் இங்கே ஒன்றையொன்று கடைசியில் சந்தித்தன என்றே கருதுகிறேன்.

அப்படியானால் ஆல்ப்ஸையும் வெட்டிச் சமப்படுத்திவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். அதைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறிடத்தில் நடுவதும் கூடாது. அமெரிக்காவில் சி. பி. மக்டோனால்ட் என்ற செல்வர் ஸ்காட்லாந்தின் சிறந்த குழிகளின் லட்சணங்களை அளந்தறிந்து, லாங் ஐலண்டில் தாம் அமைத்த நேஷனல் மைதானத்தின் மூன்றாவது குழியை ஆல்ப்ஸ் என்ற பெயரிலேயே வகுத்தார். கெட்டிக்கார வேலைதான், ஆனாலும் யந்திரமும் பணமும் இருந்த காலத்தில் வேண்டுமென்று ஏற்றுக்கொண்ட மறைவுக்கும், வேறு கதியில்லாத காலத்தில் நிலம் விதித்த மறைவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆடுபவன் உணராமலிருக்க முடியாது.

பிரெஸ்ட்விக்கின் ஆல்ப்ஸ் பிழைத்திருப்பதற்கும் ஒரு துரதிருஷ்டமே காரணம். 1925ஆம் ஆண்டு ஓப்பனில், ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய மக்டோனால்ட் ஸ்மித் ஐந்து அடிகள் முன்னணியில் கடைசிச் சுற்றைத் தொடங்கியபோது, அவன் வெல்வதைக் காணத் திரண்ட ஜனக்கூட்டம் கட்டுக்கடங்காமல் புல்வழிகளை அடைத்துக்கொண்டது. அடிக்கு அடி காத்து நின்று மனம் சிதறிய அவன் 82 அடிகள் எடுத்துத் தோற்றான். ஜிம் பார்ன்ஸ் ஜயித்தான். குன்றுகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் குழிகள் பெருங்கூட்டத்துக்கு ஏற்றவையல்ல என்று தெரிந்துவிட்டது. 24 முறை ஓப்பனை நடத்திய பிரெஸ்ட்விக்குக்கு அதன்பின் அந்தக் கௌரவம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால், ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்பாக ஆட்சேபங்கள் எழுந்து, பார்வையாளருக்கு வசதி, ஆடுபவருக்கு நியாயம், ஒளிபரப்புக்கு வெளிச்சம் என்ற பெயர்களில் அந்தக் குன்றின் தலையில் வருஷத்துக்குச் சில அடிகளாவது சீவியிருப்பார்கள்.