தண்ணீரில் நடந்து படித்த கவிதை

கொச்சிக் கோட்டையின் ஆஸ்பின்வால் வளாகம் 1867-ல் தொடங்கிய வணிக நிறுவனத்துடையது. மிளகும் தேங்காய் எண்ணெயும் கப்பலேறிய இடம். 2016 டிசம்பரில் மூன்றாவது கொச்சி முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியபோது அங்கிருந்த ஒரு கிடங்கில் கடல்நீரை நிறைத்திருந்தார்கள். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டாவின் 'வலியின் கடல்' என்ற படைப்பு அது. செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பக்கச் சுவர்களில் சின்னச் சின்னக் கேள்விகள். கவிதையோ எதிர்ச்சுவரில். நீரைக் கடந்தால்தான் படிக்கலாம். 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் வந்து மூழ்கிய அவன் அண்ணன் காலிபை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. சூரிட்டா பாடியது அந்த அண்ணனை. படித்து முடித்துத் திரும்பும்போதும் அதே தண்ணீரில்தான் நடக்க வேண்டும். வரும்போது வெறும் ஈரமாக இருந்தது, போகும்போது கனத்தது. எனக்கு முன்னால் நடந்த ஒரு பெண் நடுவிலேயே வெகுநேரம் நின்றுவிட்டார். அவரைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை.

இந்தக் கடல் சூரிட்டாவுக்கு இரவல் துயரம் அல்ல. 1973-ல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவரைக் கைதுசெய்து கப்பலின் அடித்தளத்தில் அடைத்தார்கள். அந்த ராணுவத்தின் தலைவர் பினோசெட்டின் ஆட்சி, தான் கொன்றவர்களில் பலரைக் கடலில் வீசியது.

பார்வையாளரை உள்ளே இழுத்துக்கொள்ளும் இவ்வகை நிறுவல் கலை புதிதல்ல. யயோய் குசாமா 1965-லேயே நியூயார்க்கில் கண்ணாடி அறை அமைத்தார். 2003-ல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஒலாஃபூர் எலியாசன் விளக்குகளால் அரைவட்டம் அமைத்து, கூரைக் கண்ணாடியின் பிம்பத்தால் அதை முழுச் சூரியனாக்கினார். இருபது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பலர் தரையில் மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்தார்கள். அண்மை ஆண்டுகளில் வான்கோவின் ஓவியங்களைச் சுவரெங்கும் ஒளியால் பாய்ச்சும் காட்சிகள் சென்னைக்கும் வந்தன. அவை கண்ணை நிறைக்கின்றன, ஆனால் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. வான்கோ தூரிகையால் அப்பிய சாயத்தின் தடிப்பு, ஒளியில் தட்டையாகிவிடுகிறது.

2018 பினாலேயில் ஷில்பா குப்தா வேறு வழியில் உள்ளே தொட்டார். இருட்டறையில் நூறு இரும்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தைக் குத்தி நிற்கிறது. எழுத்துக்காகவோ அரசியலுக்காகவோ சிறைப்பட்ட நூறு கவிஞர்களின் வரிகள் அவை. மேலே தொங்கும் நூறு மைக்குகள் பேசுகின்றன. ஒரு குரல் சொல்ல, மற்றவை கூடிச் சொல்கின்றன. கம்பிகளில் இடித்துக்கொள்ளாமல் நடக்க உடம்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மொழி புரியாத குரலுக்கும் காது நிற்கிறது.

இவ்வகையில் இந்தியாவில் நான் கண்ட படைப்புகளில் முதலிடம் சூரிட்டாவின் கிடங்குக்குத்தான். அங்கே திரை இல்லை, விளக்கு வித்தை இல்லை. உப்புத் தண்ணீரும் ஒரு சிறுவனின் பெயரும் போதுமாயிருந்தன.