லாரி ஹோம்ஸுக்குரிய இடம்

முஹம்மது அலியை நேசிப்பவர்கள் நாம். அந்த நேசம், 1980 அக்டோபர் 2ஆம் நாள் லாஸ் வேகாஸில் அவரை வென்ற லாரி ஹோம்ஸுக்கு நீதி செய்யவிடாமல் நம்மைத் தடுத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்பு அலியின் பயிற்சித் துணைவராக இருந்தவர் ஹோம்ஸ். 1978இல் கென் நார்ட்டனுடன் பதினைந்து சுற்றுகள் போராடி மிகுஎடைப் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். ஏழாண்டுகளில் இருபது முறை பட்டத்தைக் காத்தார். 1985இல் மைக்கேல் ஸ்பிங்ஸிடம் தோற்கும்வரை தொடர்ந்து 48 வெற்றிகள். ஆயினும் அலிக்குப் பின் வந்தவர், 1988இல் டைசனிடம் வீழ்ந்தவர் என்ற அளவிலேயே அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது.

1983இல் அவரைத் திணறடித்த டிம் விதர்ஸ்பூனுடன் அவர் மீண்டும் மோதவில்லை என்ற குறை நியாயமானதே. ஆனால் அதுவரை தோல்வி காணாத ரே மெர்சரை 1992இல், தமது 42ஆம் வயதில் வென்றதையும் உடன்வைத்தே எடைபோட வேண்டும்.

அன்று 38 வயது அலி தளர்ந்து நின்றபோது, போட்டியை நிறுத்துமாறு நடுவரை நோக்கியவர் ஹோம்ஸ். வென்றபின் அழுதவரும் அவரே. அலியை நாம் நேசித்ததுபோலவே அவரும் நேசித்தார். அந்த வெற்றியை அவர்மீது குற்றமாகச் சுமத்துவது அறமாகாது.