மூன்று மணி நேரப் புரொபோசலும் இரண்டு கடல்களும்

ராமநாதபுரம் கடற்கரையில் பாசி வளர்ப்பு, பவளப்பாறை மீட்பு, மீனவப் பெண்களுக்கு மாற்றுத் தொழில் என எதைத் தொடங்குவதானாலும் முதலில் ஒரு புரொபோசல் வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் வெளிநாட்டு நல்கைக்கும் அதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவர்கள் தரும் படிவத்தில், அவர்கள் சொல்லும் தேதிக்குள் எழுதித் தர வேண்டியிருக்கிறது. இந்த நெருக்கடிக்குப் பழகிக்கொள்ள, கடிகாரத்தை எதிரே வைத்து, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியின் துணையோடு இரண்டு மூன்று மணி நேரத்தில் முழு விண்ணப்பத்தையும் எழுதிப் பார்க்கும் பயிற்சி தொண்டு நிறுவன ஊழியர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் பரவிவருகிறது. பயனுள்ள பயிற்சிதான். ஆனால் அது தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்குவதில்லை என்பது என் கருத்து.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது அளித்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுக்கும் பெண்களை ஒன்றுதிரட்டியவர் அவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டியைக் கைவிட்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு கையால் பறிப்பது என்ற கட்டுப்பாடுகளை அந்தப் பெண்கள் தாங்களே விதித்துக்கொண்டார்கள். நிதி கொடுப்பவர்கள் தேடும் 'சமூக வழி வளப் பாதுகாப்பு' இதுதான். இத்தகைய அறிவு கடற்கரையில் நிறைய இருக்கிறது. அதை நோக்கம், செயல்பாடு, விளைவு, அளவுகோல் என்று கட்டம் கட்டி ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம்தான் இல்லை. படிவம் தெரிந்து கடல் தெரியாத வெளியாட்களையே இதற்கு நம்பியிருந்த குழுக்களுக்கு, தமிழில் பேசிப் பதிந்ததைச் சில நிமிடங்களில் அந்தக் கட்டங்களுக்குள் அடுக்கித் தரும் கருவி பெரிய விடுதலை. இதைக் குறைத்துப் பேசுபவர்கள் ஆங்கிலம் கைவந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

நேரக் கட்டுப்பாடும் வீண் இல்லை. அறிவிப்பை ஒழுங்காகப் படிக்காமல் எழுதத் தொடங்குவது, பின்னணியிலேயே பாதிப் பக்கத்தைத் தீர்த்துவிடுவது, செயல்திட்டத்தில் உள்ள வேலைக்கு வரவு செலவில் இடமில்லாமல் போவது எல்லாம் பல விண்ணப்பங்களில் காணும் குறைகள். கடிகாரம் ஓடும்போது எதை விடுவது, எதைச் சொல்வது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். எழுதி முடித்ததைச் செயலியிடம் கொடுத்து, "நிதி தருபவரின் இடத்தில் இருந்து இதில் ஓட்டை கண்டுபிடி" என்று கேட்டால் கூர்மையான கேள்விகள் வரும். இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

இனிக் குறைகள். ராமேசுவரத் தீவின் மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பிரித்துச் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். இப்போது ஒரு குழு 'கப்பாபைகஸ்' பாசி வளர்க்க நிதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும். அவசரத்தில் கேட்டால் செயலி 365ஐ 45ஆல் வகுத்து ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று வருமானக் கணக்குப் போட்டுவிடும். வடகிழக்குப் பருவத்தில் மூங்கில் மிதவைகள் வடகடலில் நிற்காது என்பதும், ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும் என்பதும் அந்தக் கணக்கில் வராது. "அப்படியானால் தென்கடலில் வளர்ப்போம்" என்று அது மாற்று யோசனை சொல்லலாம். அங்கே இருப்பதோ 21 தீவுகள் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. தமிழ்நாடு அரசு 2005இலேயே அந்தப் பகுதியைத் தவிர்த்துத்தான் இந்தப் பாசிக்கு இடம் வரையறுத்தது. குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மீது இதே பாசி படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

கால அட்டவணையிலும் இதே சிக்கல்தான். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்பது முறை. இதையும் பெண்கள் தீவுக்குப் போகும் நாட்களையும் அறியாமல் 'வாரந்தோறும் பயிற்சி வகுப்பு' என்று எழுதினால் வகுப்பு காலியாகத்தான் இருக்கும்.

சட்டத்திலும் இதே வழுக்கல் உண்டு. "உள்ளூர் மகளிர் கூட்டமைப்புக்கு நல்கையில் ஒரு பகுதியைப் பிரித்துத் தருவோம்" என்று செயலி எழுதுவது உலக வழக்கு. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தத்துக்குப் பின், பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அழகான ஒரு பத்தி நிறுவனத்தின் பதிவுக்கே ஆபத்தாக முடியலாம்.

கரையைக் கேட்காமல் திட்டம் தீட்டுவது செயலியோடு வந்த நோய் அல்ல. பாக் நீரிணை இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் தொடங்கியது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 56 லட்சம் மானியம். மீதி கடனும் மீனவர் பங்கும். மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. நிறைவேறியது அதில் சிறு பகுதியே. ஒரே நாளில் கரை திரும்பிப் பழகிய குடும்பங்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழிலுக்கு மாறத் தயங்கும் என்பதைத் தாளில் இருந்த கணக்கு எடைபோடவில்லை. மனிதர்கள் மாதக்கணக்கில் எழுதிய திட்டத்துக்கே இந்தக் கதி என்றால், மூன்று மணி நேரத்தில் தயாராகும் திட்டத்துக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

விண்ணப்பங்கள் ஒரே அச்சாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. இப்படி விண்ணப்பங்கள் குவிவதைத் தடுக்க, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பர் முதல் ஒரு முதன்மை ஆய்வாளருக்கு ஆண்டுக்கு ஆறு விண்ணப்பம் என்று வரம்பு கட்டியது. பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவால் உருவானவற்றை ஏற்பதில்லை என்றும் அறிவித்தது. எல்லோருடைய மொழியும் சமமாக மெருகேறிவிட்டால், தேர்வு பழைய அறிமுகங்களை நோக்கித் திரும்பும். அப்போது முதலில் தோற்பவர்கள் இந்தக் கருவியால் இப்போதுதான் உள்ளே வந்த சிறு குழுக்கள்.

ஆகவே பயிற்சியின் வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன். கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கரையில் கேட்டுச் சேர்த்த குறிப்பு கையில் இருக்க வேண்டும்: எந்தக் கடல், எந்த மாதம், யார் எந்த நாளில் தொழிலுக்குப் போவார்கள், எதற்கு அனுமதி இல்லை, என்ன விலை கிடைக்கிறது. முதல் மணி நேரத்தில் தமிழில், செயலி இல்லாமல், தேவையையும் வாக்குறுதியையும் எழுதட்டும். அடுத்த மணி நேரத்தில் செயலி அதைப் படிவத்துக்குள் அமைக்கட்டும். கடைசி மணி நேரம் முழுக்கச் சரிபார்ப்புக்கு: ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதைச் சொன்னவர் யார் என்று குறிக்க வேண்டும், குறிக்க முடியாத எண்ணை நீக்க வேண்டும். பாசி எடுக்கும் இடங்களையும் உறுப்பினர்களின் ஆதார் விவரங்களையும் செயலியில் ஏற்றக் கூடாது.

நிதி தருபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழில் எழுதிய இரண்டு பக்கத்தையோ பேசிப் பதிந்த பத்து நிமிடத்தையோ முதல் கட்டத்துக்கு ஏற்றுக்கொண்டால், மொழிபெயர்க்கும் வேலை அவர்கள் பக்கம் போகும். அதற்கு வேண்டிய கருவி அவர்களிடமும் இருக்கிறது. புரொபோசலில் கையெழுத்திடும் அமைப்பு அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு அறுவடைக்கும் பதில் சொல்ல வேண்டும். செயலி மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை இன்னொரு விண்ணப்பத்துக்குச் செலவிடாமல், அந்த அறுவடை சாத்தியமா என்று பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்கச் செலவிட்டால்தான் இந்தப் பயிற்சி கடற்கரைக்கு உதவும்.