பெக்கி ஆஷ்கிராஃப்ட்: நல்லவர்களின் களைப்பு

ஹிட்ச்காக் 1935-இல் எடுத்த 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தில் ஸ்காட்லாந்தின் பொட்டல் மேட்டில் ஒரு குடியானவன் வீடு வரும். கொலைப்பழி சுமந்து ஓடிவரும் நாயகன் ஓர் இரவு தங்க இடம் கேட்கிறான். கடுகடுப்பும் பக்தியும் காசாசையும் சேர்ந்த வீட்டுக்காரன் பணம் பேசிக்கொண்டு சம்மதிக்கிறான். உள்ளே இருக்கும் இளம்பெண்ணை அவன் மகள் என்று நாயகன் நினைக்க, மனைவி என்று பதில் வருகிறது. அந்த மனைவிதான் பெக்கி ஆஷ்கிராஃப்ட். அப்போது அவருக்கு 27 வயது.

கணவன் வெளியே போன இடைவெளியில் அவள் பட்டணத்தைப் பற்றி விசாரிக்கிறாள். கிளாஸ்கோவின் சந்தடியில் வளர்ந்து இந்த மேட்டில் வந்து மாட்டிக்கொண்டவள். லண்டன் பெண்கள் கால் நகத்துக்குக்கூடச் சாயம் பூசுகிறார்களாமே, உண்மையா என்று கேட்கிறாள். கேள்வி அற்பமானது. அதைக் கேட்கும் முகத்தில் ஒரு வாழ்க்கையின் பசி முழுதும் இருக்கிறது. பிறகு சாப்பாட்டு மேசை. கணவன் கண்ணை மூடி ஜெபம் சொல்கிறான். மேசைமேல் செய்தித்தாள். விருந்தாளியின் பார்வை அதில் நிலைகுத்துவதைக் கவனித்து, தானும் படித்து, இவன்தான் அவன் என்று புரிந்துகொள்கிறாள். அவன் கண்ணாலேயே கெஞ்சுகிறான். ஜெபத்தின் நடுவே கண் திறந்த கணவன் அந்தப் பார்வைகளை வேறுவிதமாகப் படிக்கிறான். இந்த மூவர் நாடகத்தில் ஜெபத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நள்ளிரவில் அவள் அவனை எழுப்பி, கணவனின் கறுப்புக் கோட்டைக் கொடுத்துத் தப்பவைக்கிறாள். அதற்கான விலை என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் அவனைச் சமாதானப்படுத்தி அனுப்புகிறாள்.

படத்தில் அவர் வருவது சில நிமிடங்களே. படம் முடிந்தபின் கதாநாயகியை மறந்தாலும் இந்தப் பெண்ணை மறக்க முடிவதில்லை.

நல்ல மனுஷியாக நடிப்பது கடினம். பெரும்பாலான நடிகைகள் அங்கே குரலை இளக்கி, கண்ணில் ஈரம் சேர்த்து, புன்னகையைக் கொஞ்சம் தாராளமாக்கிவிடுவார்கள். ஆஷ்கிராஃப்டின் நல்லவர்களிடம் இந்த இனிப்பு இருக்காது. அவர்களுக்கு அலுப்பு வரும், எரிச்சல் வரும், தொணதொணப்பார்கள், சில நேரம் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரும் பாரமாகவும் இருப்பார்கள். நல்லவளாக இருப்பதில் ஒரு களைப்பு உண்டு. அதை இவரைப்போல் நடித்துக் காட்டிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

லண்டனை ஒட்டிய குரோய்டனில் 1907-இல் பிறந்தவர். தந்தை முதல் உலகப் போரில் இறந்தார். எல்சி ஃபோகர்ட்டி நடத்திய சென்ட்ரல் ஸ்கூலில் சேர்ந்தபோது வகுப்புத் தோழர் லாரன்ஸ் ஒலிவியர். அங்கே பிரதானப் பாடம் குரலும் உச்சரிப்பும். ஆஷ்கிராஃப்டுக்கு அது போதவில்லை. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் சுயசரிதையைப் படித்து, ஒரு நாடகக் குழு ஒன்றாகக் கூடி வாழ்ந்து வளரும் கலை என்ற எண்ணத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். அந்த எண்ணம் அவரைக் கடைசிவரை விடவில்லை. நட்சத்திர அந்தஸ்து கைக்கெட்டிய பிறகும் குழுக்களைத் தேடித்தேடிப் போய்ச் சேர்ந்தார்.

1930-இல் சவாய் தியேட்டரில் 'ஒதெல்லோ'. பால் ராப்சன் ஒதெல்லோ, 22 வயது ஆஷ்கிராஃப்ட் டெஸ்டிமோனா. ஒரு கறுப்பின நடிகர் வெள்ளைக்காரப் பெண்ணை மேடையில் முத்தமிடுவதா என்று கொதித்தவர்களிடமிருந்து வசைக் கடிதங்கள் வந்தன. எந்தத் தியேட்டரில் ராப்சனைப் பார்க்க ஊர் திரண்டதோ, அதை ஒட்டிய சவாய் ஓட்டலில் அவருக்கு வரவேற்பில்லை. நிறவெறியை அவ்வளவு அருகில் பார்த்தது தன் கண்ணைத் திறந்ததாக ஆஷ்கிராஃப்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அரை நூற்றாண்டு கழித்து, காலனி இந்தியாவில் தன் இனத்தாரின் நடத்தையைக் கண்டு கூசும் இரண்டு ஆங்கிலேயக் கிழவிகளாக அவர் நடித்தார். அந்தக் கூச்சம் ஒத்திகையில் மட்டும் கற்றது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

1935-இல் நியூ தியேட்டரில் ஜான் கீல்குட் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்' ஆங்கில மேடையின் பெரிய கதைகளில் ஒன்று. கீல்குட்டும் ஒலிவியரும் ரோமியோவையும் மெர்குஷியோவையும் பாதியில் மாற்றிக்கொண்டார்கள். கீல்குட் கவிதையை இசையாகச் சொல்பவர். ஒலிவியருக்கு உடலின் வேகம் முதலில், செய்யுள் அப்புறம். யார் சிறந்த ரோமியோ என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் ஜூலியட்டை மறந்துவிடுகிறார்கள். இவ்வளவு வேறுபட்ட இரண்டு காதலர்களுக்கும் ஈடுகொடுத்து நின்றவர் ஆஷ்கிராஃப்ட். ஜூலியட்டாக அவர் எப்படி இருந்தார் என்பதற்கு இன்று விமர்சகர்களின் எழுத்தும் சில புகைப்படங்களும்தான் சாட்சி.

மேடையில் அவர் செய்த பலவற்றின் கதி இதுதான். 1952-இல் ராட்டிகனின் 'தி டீப் ப்ளூ சீ' நாடகத்தில், நீதிபதிக் கணவனை விட்டு ஒரு விமானியை நம்பிப் போய்க் கைவிடப்படும் ஹெஸ்டர்; 1954-இல் ஹெடா காப்ளர், அதை ஆஸ்லோவுக்கே கொண்டுபோய் நார்வே மன்னரின் பதக்கம் பெற்றது. எல்லாம் பார்த்தவர்களோடு போய்விட்டன. நல்ல வேளையாக ஒன்று முழுசாகத் தப்பியது.

1960-இல் முப்பது வயதுகூட நிரம்பாத பீட்டர் ஹால், ஸ்ட்ராட்ஃபோர்டில் நடிகர்களை நீண்ட ஒப்பந்தத்தில் அமர்த்தி நிரந்தரக் குழு அமைக்க முயன்றபோது, முதலில் போய்க் கேட்டவர்களில் ஆஷ்கிராஃப்ட் ஒருவர். அவர் சரி என்றதும் மற்றவர்களை அழைப்பது எளிதாயிற்று. அந்தக் குழுவே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. 1963-இல் ஹாலும் ஜான் பார்ட்டனும் ஆறாம் ஹென்றி நாடகங்கள் மூன்றையும் மூன்றாம் ரிச்சர்டையும் வெட்டி ஒட்டி 'தி வார்ஸ் ஆஃப் தி ரோஸஸ்' என்று மூன்று நாடகங்களாக ஆக்கினார்கள். அதில் ஆஞ்சூவின் மார்கரெட்டாக ஆஷ்கிராஃப்ட். பி.பி.சி. அதைப் படம்பிடித்து 1965-இல் ஒளிபரப்பியதால் நமக்கும் கிடைத்தது.

மேடையேறியபோது அவருக்கு 55 வயது. பிரான்ஸிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்படும் இளம்பெண்ணாகத் தொடங்கி, அரசியாகி, சஃபக்கின் காதலியாகி, அவன் வெட்டுண்ட தலையை மடியில் வைத்து அழுது, படைநடத்தி, மகனைப் பறிகொடுத்து, கடைசியில் அரண்மனையில் பேயாய் அலைந்து சாபமிடும் கிழவியாக முடிய வேண்டும். இளமையை ஒப்பனையால் காட்ட அவர் பெரிதாக முயலவில்லை. நடையின் துள்ளலும் அந்நிய நாட்டுப் பெண்ணின் நாக்கில் 'ர' லேசாக இடறுவதும் போதுமாக இருந்தன. அந்த இடறல் கிழவியிடமும் ஒட்டிக்கொண்டிருப்பதால், பிடிபட்ட அந்தச் சிறுமி இன்னும் இவளுக்குள் இருக்கிறாள் என்பதை நாம் மறக்க முடிவதில்லை.

யார்க் கோமகனைப் பிடித்து ஒரு மண்மேட்டில் நிற்கவைத்து வதைக்கும் காட்சி இதில் உச்சம். அவன் சின்ன மகனின் இரத்தத்தில் நனைத்த துணியைக் கொடுத்து இதில் கண்ணைத் துடைத்துக்கொள் என்கிறாள். காகிதக் கிரீடத்தைச் சூட்டுகிறாள். அவள் பேசும் பகுதியைக் கொடூரமாகச் செய்வது எந்தத் தேர்ந்த நடிகைக்கும் முடியும். அதன்பின் டொனால்ட் சின்டனின் யார்க் பேசத் தொடங்குகிறான், நெடுநேரம் பேசுகிறான். அப்போது மார்கரெட்டைப் பாருங்கள். பழி தீர்த்தாயிற்று, மனம் ஆறவில்லை. இன்னும் என்ன செய்தால் ஆறும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு தந்தையின் அழுகையைக் கேட்டு முடிக்க வேண்டிய கட்டாயத்தில் நிற்கிறாள். வில்லிக்கும் இந்தக் களைப்பை அவர் கொடுத்தார்.

'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் மார்கரெட்டை நீக்கிவிடுவது பல இயக்குநர்களின் வழக்கம். ஒலிவியர் 1955-இல் எடுத்த படத்தில் அவள் கிடையாது. தனி நாடகமாகப் பார்த்தால் அவள் எங்கிருந்தோ வந்து சபித்துவிட்டுப் போகும் கிழவி. ஆஷ்கிராஃப்டோடு அவள் ஆயுள் முழுதும் நடந்து வந்தவர்களுக்கோ ஒவ்வொரு சாபத்துக்கும் பின்னால் இருக்கும் பிணம் யாருடையது என்று தெரியும். இனி யாரும் இந்தப் பாத்திரத்தை வெட்டினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எழுபதுகளில் பெக்கெட்டின் 'ஹாப்பி டேஸ்' நாடகத்தில் வின்னி. முதலில் இடுப்புவரை, பிறகு கழுத்துவரை மண்ணில் புதைந்தபடி பேசிக்கொண்டே இருக்கும் பெண். 1976-இல் தேசிய நாடக அரங்கின் புதிய லிட்டெல்டன் மேடை இந்த நாடகத்தோடுதான் திறந்தது. பேச்சு நின்றால் உயிர் நின்றுவிடும் என்பதுபோல் பேசுகிற அந்த வின்னியிடமிருந்துதான், பின்னாளில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவர் நடித்த பார்பி பாச்செலர் பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பால் ஸ்காட்டின் நாவல்களைக் கொண்டு கிரனாடா டெலிவிஷன் எடுத்து 1984-இல் ஒளிபரப்பான 14 பகுதித் தொடர் 'தி ஜுவல் இன் தி க்ரவுன்'. பார்பி ஓய்வுபெற்ற மிஷனரி ஆசிரியை. மலைவாசத்தலம் ஒன்றில் மேபல் லேட்டன் என்ற மூதாட்டியின் வீட்டில் பணம் கொடுத்துத் தங்குகிறாள். ஓயாமல் பேசுவாள். அறைக்குள் அவள் நுழைந்தாலே ராணுவ அதிகாரிகளின் மனைவிகள் முகம் சுளிப்பார்கள். பார்க்கும் நமக்கே, அம்மா கொஞ்சம் சும்மா இரேன் என்று இருக்கும். அந்த எரிச்சலை நம்மிடம் தூண்ட ஆஷ்கிராஃப்ட் தயங்கவில்லை. லேட்டன் குடும்பத்துப் பெண்ணின் கல்யாணத்துக்கு அவள் ஆசையாய் வாங்கித் தந்த வெள்ளிக் கரண்டிகள் திரும்பி வரும் இடத்தில்தான், இத்தனை நாள் இவள் பேசியதெல்லாம் எதை மூடி மறைக்க என்று உறைக்கிறது. மேபல் இறந்ததும் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறாள். பெட்டியை எடுக்க வந்தவள் முன்னாள் போலீஸ் அதிகாரி மெரிக்கை எதிர்கொள்ளும் காட்சி தொடரின் மணிமகுடம். கொடுமைக்காரன் ஒருவனும் பைத்தியத்தின் விளிம்பில் நிற்கும் ஒருத்தியும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பிறகு வண்டி விபத்து, மருத்துவமனை, மௌனம். அவ்வளவு பேசியவளின் மௌனம் என்பதால் தாங்க முடிவதில்லை.

அதே ஆண்டில் டேவிட் லீனின் 'எ பாஸேஜ் டு இந்தியா'. வயதாகிவிட்டதே என்று தயங்கியவரிடம், எனக்கும் அதே வயதுதான் என்று லீன் சொன்னாராம். கணக்குப் பார்த்தால் லீன் மூன்று மாதம் இளையவர். பெங்களூரைச் சுற்றியும் சாவனதுர்கா, ராமநகரப் பாறைகளிலும் படம் வளர்ந்தது. மராபார் குகைகளுக்குப் போகும் ரயில் நம் நீலகிரி மலை ரயில். நிலவொளியில் பழைய மசூதியில் டாக்டர் அஜீஸ், ஆஷ்கிராஃப்ட் நடித்த மிஸஸ் மூரை முதலில் சந்திக்கும் காட்சியை எல்லோரும் கொண்டாடுவார்கள். கொண்டாட வேண்டியதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது குகைக்குப் பிறகு வரும் மிஸஸ் மூர். எதிரொலியைக் கேட்டு மூச்சு முட்டி வெளியே வந்தவருக்கு எதிலும் பிடிப்பு போய்விடுகிறது. நண்பன்மீது அபாண்டப் பழி விழுந்திருக்கிறது. அவன் நிரபராதி என்று இவருக்குத் தெரியும். தங்கி நின்று சாட்சி சொல்வார் என்று எதிர்பார்க்கிறோம். ஊருக்குக் கப்பல் ஏறிவிடுகிறார். இன்னொரு நடிகையாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரால் நம்மிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். ஆஷ்கிராஃப்ட் கேட்கவில்லை. கல்யாணம், நியாயம், மகன் எல்லாவற்றிலும் சலித்துப்போன ஒரு வயதானவளின் சிடுசிடுப்பைத் துணிந்து வைத்தார்.

77 வயதில் அதற்குச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர். அந்தப் பிரிவில் அவரைவிட மூத்த வயதில் யாரும் வென்றதில்லை. விழாவுக்கு அவர் போகவில்லை. ஏஞ்சலா லான்ஸ்பரி பெற்றுக்கொண்டார்.

1989-இல் ஸ்டீஃபன் பொலியகாஃப் எழுதி பீட்டர் ஹால் இயக்கிய 'ஷி'ஸ் பீன் அவே'. மரபுக்கு அடங்காத பெண் என்பதால் இளமையிலேயே மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, ஆயுளைத் தொலைத்தபின் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படும் லிலியன். வந்த வீட்டில் நெடுநேரம் அவள் வாய் திறப்பதே இல்லை. எதிரில் ஜெரால்டின் ஜேம்ஸ், பார்பியை மருத்துவமனையில் போய்ப் பார்க்கும் சேரா லேட்டனாக நடித்தவர். வசதியான வீட்டின் கர்ப்பிணி மனைவி அவர். கிழவியின் மௌனத்தின்முன் இவள் மெல்ல மெல்லக் கலைகிறாள். இருவரும் வீட்டைவிட்டே கிளம்பிவிடுகிறார்கள். வெனிஸ் திரைப்பட விழாவின் நடுவர்கள் சிறந்த நடிகை விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆஷ்கிராஃப்ட் வாங்கிய விருதுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது.