மூலவருக்குத் திரை, சாமியாடிக்கு பிளாஷ்

தை 5ஆம் தேதி திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் மணலூர்பேட்டைத் தென்பெண்ணை ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளும் வருகின்றன. மணல் கொள்ளாத சனம். அன்றைக்கு எடுக்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள்: ஆறு, குடை, சூலம், கும்பிடுகிற கைகள். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எந்தச் சாமி எந்தத் தெரு வழியாக ஆற்றுக்கு வந்தது, எந்தத் தெருவை ஒதுக்கிச் சுற்றிக்கொண்டு வந்தது என்பதை ஒரு படமும் சொல்லாது. சேரிக்குள் திரும்பாத தேர்கள் தமிழ்நாட்டில் எத்தனை என்று நமக்குத் தெரியும். காமிராவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் காட்டாது.

இந்தக் காமிரா வெள்ளைக்காரனோடு வந்தது. கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் சென்னை அரசுக்காக மதுரைக் கோவிலின் பிரகாரத்தைப் படம் எடுத்தார். நம்ம சனம் அந்தக் கோவிலுக்குள் கால் வைத்தது 1939 ஜூலை 8. காமிரா போய் 81 வருஷம் கழித்துத்தான் நாம் போனோம். ஆளே இல்லாத அந்தத் தூண்களின் படங்களைக் கலை என்று கொண்டாடுகிறவர்கள், அங்கே யார் நிற்க முடியாமல் இருந்தார்கள் என்று கேட்பதில்லை.

எட்கர் தர்ஸ்டன் நம் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளைப் பற்றி எழுதினார். அதிலுள்ள படங்களின் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இல்லை, சாதிப் பெயர்தான். 1950 ஏப்ரலில் ரமணர் இறந்தபோது பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தார். அந்தப் படங்களுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு. ஞானிக்குப் பெயர், பறையடிக்கிறவனுக்குச் சாதி. இன்றைய திருவிழாப் படங்களிலும் பறைமேல் விழுகிற கை தெரியும். கைக்காரன் யார் என்று அடிக்குறிப்பில் இருக்காது. ‘கிராமத்து மணம்’ என்று இருக்கும்.

2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோவில்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்கக் கைபேசிக்குத் தடை போடச் சொன்னது. கருவறையைப் படம் எடுக்கக் கூடாது என்கிற வழக்கம் அதற்கும் முந்தியது. இருக்கட்டும். ஆனால் சாமி வந்து தலைவிரித்து ஆடுகிற பெண்ணை, அலகு குத்தியவனை, தீமிதிக்கிறவனை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எதற்கும் அனுமதி வேண்டாம். மூலவருக்கு இருக்கிற மானம் நம்ம பொம்பளைக்கு இல்லையா? இது அழகியல் பிரச்சினை இல்லை. புனிதம் யாருக்கு உரியது என்கிற பிரச்சினை.

இதே மாவட்டத்தில் கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிற திருநங்கைகள் மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுகிறார்கள். வருஷம் முழுக்கத் தெருவிலும் வீட்டிலும் பட்டதெல்லாம் அந்த அழுகையில் வருகிறது. அந்த முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் காமிரா நீட்டுகிறார்கள். எழவு வீட்டில் இப்படிச் செய்வார்களா?

இது இந்துச் சாமியோடு நிற்கிற விஷயமும் இல்லை. இதே மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்காக வன்னியக் கிறிஸ்தவர்களால் தாக்கப்பட்டார்கள். 2008 மார்ச் 9இல் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். சப்பரத்தில் மாதா படம் எங்கும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். சப்பரம் திரும்பிப் போகிற முனையில் நின்று எடுத்தால்தான் அது எறையூரின் படம். 1981இல் மீனாட்சிபுரத்தில் நம்ம சனம் இஸ்லாத்துக்குப் போனபோது பார்க்க வந்தவர்கள் வளைகுடாப் பணமா என்று கேட்டார்கள். தொழுகையில் தோளோடு தோள் நின்றது அவர்களுக்குக் காட்சியாகவே படவில்லை.

படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் தீட்சை பெற்ற படங்கள் இருக்கின்றன. அதுவும் சடங்குதான். கைகூப்பி நிற்கிறார், பக்கத்தில் சவிதா அம்மையார். அவரை நம்பி வந்த லட்சக்கணக்கான சனத்துக்கு அந்தப் படம் வேடிக்கை இல்லை, சாட்சி. ஒளிக்க ஒன்றும் இல்லாத சடங்கு அது, யாரையும் வெளியே நிறுத்தாத சடங்கு.

நம்ம பிள்ளைகள் கையில் இப்போது காமிரா இருக்கிறது. அவர்களும் அதே குடையையும் சூலத்தையும் எடுத்தால் என்ன பிரயோசனம்? எடுக்குமுன் கேளுங்கள். பெயர் எழுதுங்கள். ஒரு பிரதியை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். தேர் எங்கே நிற்கிறதோ அங்கே நின்று, அது வராத தெருவையும் சேர்த்து எடுங்கள்.