‘மருந்து’ என்னும் சொல்லும் நோய்ப் பதிவேடும்: சிவகாசித் தொழிலாளர் நோயுரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்பதற்கு இரு பொருள் உண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்து. ‘வெடிமருந்து’ என்னும் தொகையின் முன்னுறுப்பு பேச்சில் உதிர்ந்துவிட, ‘மருந்து செலுத்துதல்’, ‘மருந்துக் கலவை’, ‘மணிமருந்து’ என ஆலை வழக்குகள் நிலைபெற்றுள்ளன. “மருந்துல கை வச்சா நெஞ்சு கரிக்குது” என்று தொழிலாளி ஒருவர் தம் குடும்ப மருத்துவரிடம் கூறுவதாகக் கொள்வோம். உள்ளூர் மருத்துவருக்கு இத்தொடர் எளிதில் விளங்கும். ஆனால் அவர் சீட்டில் எழுதுவது ஆங்கிலத்தில் ஓரிரு சொற்களே. அது ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்றாகலாம். அவ்வாறு எழுதும்போது தொழிலின் பெயர் விடுபடுகிறது. ‘வச்சா’ என்னும் நிபந்தனை எச்சமும் விடுபடுகிறது. தம் நோய்க்கும் தம் வேலைக்கும் இடையே தொழிலாளி தாமே கண்டறிந்த தொடர்பு அந்த எச்சத்தில்தான் இருக்கிறது.

குடும்ப மருத்துவத்தில் தகவலை வகைப்படுத்துதல் என்பது மருத்துவர்க்கும் கணினியாளர்க்கும் உரிய துறை என்றே கருதப்பட்டு வருகிறது. மேற்கண்ட இழப்பு குறியீடு இடும் இடத்தில் நிகழ்வதன்று. அதற்கு முன்னரே, தமிழ்ப் பேச்சு ஆங்கிலப் பெயராக மாறும் இடத்தில் நிகழ்வது. ஆகவே இது மொழியாய்வாளரின் பொறுப்பும் ஆகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நோயுரைக்கு இடமளித்த வகைப்பாடு

உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாடு (ஐ.சி.டி.) 1893ஆம் ஆண்டின் இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது. இறப்புக்குக் காரணம் தேடும் பட்டியலில் ‘அசதியாக இருக்கிறது’ என்பதற்கு முதன்மை இராது. குடும்ப மருத்துவரிடம் வருவோருள் பலர் பெயரிடப்பட்ட நோயுடன் வருவதில்லை. பெயர் பெறாமலே குணமடைந்து செல்வோரும் உளர். இக்குறையை உணர்ந்தே உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பான ‘வொன்கா’ 1987இல் முதல்நிலை மருத்துவத்திற்கான பன்னாட்டு வகைப்பாட்டை (ஐ.சி.பி.சி.) வெளியிட்டது. 17 இயல்கள், ஒவ்வொன்றிலும் 7 கூறுகள். அதன் சிறப்பு, நோயர் எதற்காக வந்தார் என்பதை அவர் நோக்கிலேயே பதிய வேண்டும் என்ற விதியில் உள்ளது. லாரன்ஸ் வீட் 1968இல் முன்வைத்த சிக்கல்வழிப் பதிவு முறையும் நோயர் கூற்றையே பதிவின் தொடக்கத்தில் வைத்தது.

கொள்கை அளவில் இவற்றில் குறைகாண்பது கடினம். ஆயினும் ஐ.சி.பி.சி.யின் இயல்கள் பெரிதும் உடல் மண்டலங்களால் ஆனவை. தமிழின் நோய்ச் சொற்கள் அவ்வாறு ஆனவை அல்ல. ‘நெஞ்சு’ என்பது மார்பு, இதயம், மனம் ஆகியவற்றோடு தொண்டையையும் குறிக்கும். எனவே ‘நெஞ்சு கரிக்குது’ என்பது செரிமான இயலுக்கும் செல்லலாம். சுவாச இயலுக்கும் செல்லலாம். முதலாவதாயின் அமில மாத்திரை. இரண்டாவதாயின் தூசி பற்றிய விசாரணை. நெஞ்சு வலியைப் பொறுத்தமட்டில், மண்டலம் தெளிவுபடாத நிலைக்கென்று பொது இயலில் ஒரு குறியீட்டை இவ்வகைப்பாடு வைத்திருக்கிறது. இந்தப் பொறுமை கரிப்புக்கும் காந்தலுக்கும் கிட்டவில்லை. ‘மேலுக்குச் சுகமில்லை’ என்னும் தென்மாவட்ட வழக்கையும் நோக்கலாம். அது காய்ச்சலாகலாம், உடல்வலியாகலாம், சோர்வாகலாம். கேட்டுத் தெளியாமல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அப்பதிவு நோயர் நோக்கில் அமைந்தது எனக் கூற இயலாது.

வெடித்தலும் உழைத்தலும்

ஐ.சி.டி. பத்தாம் பதிப்பில் வானவேடிக்கைப் பொருள் வெடித்தலுக்கு ‘டபிள்யூ 39’ என்ற குறியீடு உண்டு. விருதுநகர் மாவட்டத்திற்கு இது மிக வேண்டிய குறியீடு என்று தோன்றும். ஆனால் ஆலையில் நிகழும் வெடிப்பு அடுத்த குறியீடான ‘டபிள்யூ 40’இன் கீழ், தானியக் கிடங்கு வெடிப்பு முதலியவற்றோடு வைக்கப்பட்டுள்ளது. தீபாவளியன்று பட்டாசு வெடித்துக் கை சுட்ட சிறுவனுக்குப் பட்டாசின் பெயர் தாங்கிய குறியீடு கிடைக்கிறது. அதைச் செய்கையில் கருகியவருக்குப் பொதுப்பெயரே கிடைக்கிறது. நிகழிடத்தைச் சுட்டும் துணை எண் தொழிற்சாலை என்று சொல்லுமே தவிர எந்தத் தொழிற்சாலை என்று சொல்லாது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளை நாளிதழ்கள் ஊர்ப்பெயரோடு நினைவில் வைத்துள்ளன. குறியீட்டை மட்டும் கொண்டு அவற்றைத் தேட முற்படுவோர்க்கு அவை எளிதில் அகப்படா.

விபத்தாவது செய்தியாகிறது, அன்றாட வெளிப்பாடு செய்தியும் ஆவதில்லை. அலுமினியத் தூளும் கந்தகமும் கண்ணையும் சுவாசப் பாதையையும் உறுத்துவன. பச்சை நிறம் தரும் பேரியம் நைட்ரேட் உடலினுள் மிகுதியாகச் சென்றால் இரத்தத்தின் பொட்டாசியம் குறைந்து தசை தளரும். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளைத் தடைசெய்தபோது முன்னின்றது வாங்கி வெடிப்போர் நகரங்களின் காற்று. கலப்போர் உடலைப் பற்றிப் பேசப் பதிவு வேண்டும். மருந்து செலுத்துபவர், குழாய் உருட்டுபவர், திரி வெட்டுபவர், லேபிள் ஒட்டுபவர் ஆகியோர்க்கு உள்ள இடர் ஒன்றன்று. ‘கூலி’ என்றோ ‘பட்டாசுத் தொழிலாளி’ என்றோ எழுதினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ஐ.சி.பி.சி.யில் ‘இசட் 05’ என வேலைச் சிக்கலுக்கு ஒரு குறியீடு இருப்பது உண்மையே. ஆனால் அது வேலையைச் சிக்கலாகப் பதியுமே அன்றி, நெஞ்சுக் கரிப்பின் சூழலாகப் பதியாது. இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700இல் வெளியிட்ட நூலில், நோயரிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு ‘உம் தொழில் யாது?’ என்பதையும் கேட்குமாறு அறிவுறுத்தினார். சிவகாசியில் அவ்வினாவுக்கு ஒரு துணைவினாவும் வேண்டும்: தீபாவளிக்குப் பின் ஆலை மூடியிருக்கும் நாள்களில் இது குறைகிறதா?

தமிழ் மரபிலும் இதற்கொரு முன்மாதிரி உண்டு. தொல்காப்பியம் நிலத்திற்குரிய கருப்பொருள்களுள் தொழிலையும் ஒன்றாக எண்ணியது. இதனால் தொல்காப்பியர் தொழில்நோய் அறிந்திருந்தார் எனக் கூறுவது மிகை. அத்தகைய மிகைகள் நம் ஆய்விதழ்களில் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன. ஒருவரை அவர் நிலத்தோடும் தொழிலோடும் சேர்த்தே வகைப்படுத்துதல் நமக்குப் புதிதன்று என்ற அளவோடு அமையலாம்.

கலைச்சொல்லாக்கத்தின் திசை

இனி நம் துறையின் குறை. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் தொடங்கி, மருத்துவத் தமிழாக்கம் பெரும்பாலும் ஆங்கில நோய்ப்பெயர்க்கு நிகர் காண்பதாகவே அமைந்துள்ளது. கிறீனுக்கு அது தேவைப்பட்டது. அவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். இன்றைய தேவை எதிர்த்திசையில் உள்ளது. கரிப்பு, காந்தல், உளைச்சல், கடுப்பு, குடைச்சல், இளைப்பு, கிறுகிறுப்பு எனப் பேச்சில் உள்ளவற்றை வட்டாரவாரியாகத் தொகுத்து, எச்சொல் எந்தெந்தக் குறியீடுகளுக்குச் செல்லக்கூடும், எதைக் கேட்டால் ஐயம் நீங்கும் என்று காட்டும் அட்டவணையே குடும்ப மருத்துவர்க்கு உதவும். 2024 ஜனவரியில் சித்த மருத்துவ நோய்ப்பெயர்கள் ஐ.சி.டி. பதினோராம் பதிப்பின் தனித் தொகுதியில் இடம்பெற்றதை நாம் வரவேற்றோம். ஏட்டில் உள்ள தமிழ் உலகப் பட்டியலை எட்டிவிட்டது. நோயர் வாயில் உள்ள தமிழ் அவர் ஊர்ச் சீட்டைக்கூட எட்டவில்லை.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாயிலில் மருந்து தருகிறது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் அது பெயரிட்ட நோய்களிலிருந்து தொடங்கும் திட்டம். வீடு தேடிச் செல்லும் பணியாளர் அவ்வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே காண்கிறார். அக்காட்சியைப் பதிவாக்க வேண்டும் என்று எழுத முற்படும்போது எனக்கே ஒரு தயக்கம் எழுகிறது.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் பட்டியலிட்ட தொழில்நோயைப் பணியிட விபத்துக்கு இணையாகக் கருதின. அவ்வகையில் மருத்துவரின் சீட்டில் உள்ள தொழில்குறிப்பு ஒரு சான்று. ஆனால் உரிமம் இன்றி வீட்டில் கருந்திரி செய்பவர்க்கு அதே குறிப்பு குற்றச்சான்றாக மாறக்கூடும். ஆலைப் பணியாளர்க்கோ அடுத்த பருவத்தில் வேலை மறுக்கப்படக் காரணமாகலாம். தாம் சொல்வது யார் கைக்குச் செல்லும் என்று அறியாதவர் “வீட்லதான் இருக்கேன்” என்றே சொல்வார். எனவே நோயர் கூற்று தமிழில் அப்படியே ஒரு நிரலில், செய்யும் வேலை ஒரு நிரலில், குறியீடு ஒரு நிரலில் அமைய வேண்டும். வேலைக்குரிய நிரல் மருத்துவரிடம் மட்டுமே தங்கி, நோயர் ஒப்புதலின்றி வெளிச்செல்லாதிருத்தல் வேண்டும். 14 இலக்க நலவாழ்வு எண்ணின் கீழ் எல்லாப் பதிவுகளும் இணைக்கப்பட்டு வரும் இக்காலத்தில், அந்த ஒரு நிரலை மட்டும் எவ்வாறு பூட்டி வைப்பது என்பதே அட்டவணையைத் தொகுப்பதற்கு முன் நாம் கணினியாளரிடம் கேட்க வேண்டிய வினா.