மயில் மீனும் பத்துக் குலங்களும்

பிள்ளைச்சாவடியில் என் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். முன்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது. இடையில் இருந்த வீடுகளைக் கடல் எடுத்துக்கொண்டது. அதனாலோ என்னவோ, மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி வரி கட்டப் பணமில்லாமல், ஒரு மயில் மீனைத் தலைநகருக்குக் கொண்டுபோய் விலை பேசும் நாவலின் பக்கம் படித்தவுடனே சாய்ந்துவிட்டேன். டோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்'. 2018இல் வெளியானது. நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த இளம்பெண்ணின் முதல் நாவல். யொரூபா மக்களின் தெய்வங்களான ஒரிஷாக்களைக் கொண்டு இளையோருக்காக எழுதிய மாயக்கதை. உலகெங்கும் விற்றது, விருதுகள் வாங்கியது. என் மாணவிகள் சிலரின் செல்பேசியிலும் பிடிஎஃபாக இருக்கிறது.

நன்றாக வந்திருக்க வேண்டிய புத்தகம் என்ற ஆதங்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். தொடக்கம் அப்படி. மாமா அக்பா என்ற முதியவள் (அக்பா என்றால் யொரூபாவில் மூத்தவர்) நாணல் குடிசைக்குள் பெண்பிள்ளைகளுக்குக் கம்பு சுற்றக் கற்றுக்கொடுக்கிறாள். காவலர்கள் வருகிறார்கள் என்றதும் கம்புகள் மறைகின்றன, எல்லோரும் தையல் வேலையில் குனிந்துகொள்கிறார்கள். சிலம்பம் பார்த்து வளர்ந்த எவளுக்கும் அந்த இடத்தில் கை பரபரக்கும். அரண்மனையில் இளவரசி அமாரியை வெளுக்கவைக்க அவள் தாய் படும் பாட்டை நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளோடு சேர்த்துப் படிக்கலாம்.

பிறகு என்ன ஆனது? அதே அரண்மனையில் பிண்டா என்ற பணிப்பெண். மந்திரம் உள்ள சுருள் ஒன்றைத் தொட்டதும் அவள் கையிலிருந்து ஒளி பிறக்கிறது. அரசன் அவளை அங்கேயே கொல்கிறான். மறைந்திருந்து பார்த்த அமாரி சுருளைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள், வீராங்கனை ஆகிறாள். பிண்டாவுக்கு ஊர் எது, அவளுக்கு என்ன பிடிக்கும், இளவரசியைப் பற்றி அவள் தனியாக என்ன நினைத்தாள்? வருவதெல்லாம் அமாரியின் நினைவு வழியாகத்தான். வேலைக்காரி செத்தால்தான் எஜமானி விழிப்பாள் என்கிற இந்த ஏற்பாட்டை நம் சினிமாவில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அங்கே கோபப்பட்ட நான் இங்கே மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?

கதாநாயகி ஸெலியின் காதலையும் என்னால் விழுங்க முடியவில்லை. அவள் தாயைத் தூக்கிலிட்ட ஆட்சியின் இளவரசன் இனான். அவளைத் துரத்தி வந்த அவனுடைய படைதான் அவள் ஊரை எரிக்கிறது. புகை அடங்கிச் சில நாட்களுக்குள் கனவுவெளியில் இருவரும் நெருங்குகிறார்கள். பகைவனைக் காதலிக்கக் கூடாது என்பதல்ல என் வழக்கு. எரிந்த ஊருக்கும் முத்தத்துக்கும் நடுவே ஒரு பெண் மனம் கடந்திருக்க வேண்டிய தூரம் எழுதப்படவே இல்லை. பின்னால், 'புழு' என்ற வசைச்சொல்லை அவள் முதுகில் கத்தியால் செதுக்குகிறார்கள். சாதிப் பெயர் சொல்லி வையப்பட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். நாவலிலேயே என்னை உலுக்கிய இடம் அதுதான். ஆனால் அத்தியாயங்கள் குட்டிக்குட்டி, கதைக்கு அவசரம். அந்த முதுகோடு உட்கார நேரமில்லை.

தெய்வங்கள் விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் பெரிது. யொரூபா மரபில் ஓயா புயற்காற்றின் தேவி, நைஜர் ஆறு, ஷாங்கோவின் மனைவி, இடுகாட்டின் வாசலில் நிற்பவள். ஒன்றோடொன்று முரண்டுபிடிக்கும் இத்தனையும் ஒருத்தியே. நாவல் பத்துக் குலங்களை வகுத்து, குலத்துக்கு ஒரு தெய்வம், தெய்வத்துக்கு ஒரு சக்தி என்று பங்கு வைக்கிறது. ஓயாவுக்கு மரணம் கிடைக்கிறது. காற்று அவளிடமிருந்து பிடுங்கப்பட்டு வேறு குலத்துக்குப் போகிறது. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனை இப்படி ஒரு சக்திக்குள் அடக்க முடியுமா? ஆடித் தேரில் வடம் பிடிக்கக் கூடும் ஊர், பிரெஞ்சு கவர்னர் வந்து தேரிழுத்த சரித்திரம், நேர்த்திக்கடன், சண்டை, சமாதானம் எல்லாம் சேர்ந்துதானே அவள்?

எல்லாவற்றையும் படைத்தவளாக நாவல் வானத்தாய் ஒருத்தியை வைக்கிறது. முதலில் மகிழ்ந்தேன். ஆனால் யொரூபாவின் படர்க்கைப் பெயரில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது. மூத்தவர்களுக்கும் மதிப்புக்குரியவர்களுக்கும் தனிச்சொல் உண்டு, நம் 'அவர்' போல. உடன்பிறந்தோர் பெயரும் மூத்தவர், இளையவர் என்றுதான் பிரியும். ஆணா பெண்ணா என்று அச்சொல் சொல்லாது. பழைய யொரூபா சமூகத்தை ஒழுங்குபடுத்தியது வயதே, பால் அல்ல என்று சமூகவியலாளர் ஒயெரோன்கே ஒயெவூமி 1997இல் ஒரு நூலே எழுதினார். அதை மறுப்போர் உண்டு. மறுத்தாலும் எத்தனை பெரிய திறப்பு அது! நாவலோ ஆங்கிலத்தின் 'ஷீ'யோடு திருப்தி அடைந்துவிடுகிறது. மூப்பைச் சுற்றி இயங்கும் ஒரு பெண்ணுலகத்தைக் கற்பனை செய்யும் வாய்ப்பு மாமா அக்பாவின் குடிசையோடு முடிந்துபோகிறது.

தலைநகரின் பெயர் லாகோஸ். அது போர்த்துக்கீசியர் வைத்த பெயர். ஊர்க்காரர்களுக்கு அது எக்கோ. இந்த முதல் நூலில் வெள்ளையர் எவரும் இல்லை, அவர்கள் வைத்த பெயர் மட்டும் இருக்கிறது. 2006இல்தான் பாண்டிச்சேரி என்ற பெயரை அதிகாரப்பூர்வமாகக் கைவிட்ட ஊர்க்காரி நான். இது கண்ணில் படாமல் இருக்குமா?

பின்னுரையில் அமெரிக்கக் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியான கறுப்பின மக்களை நினைத்து இதை எழுதியதாக ஆசிரியர் சொல்கிறார். அந்தத் துயரத்தை நான் சந்தேகிக்கவில்லை. அத்தனை பெரிய துயரத்துக்கு, கடைகளில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் அச்சு போதும் என்று நினைத்ததைத்தான் குறை சொல்கிறேன்.

இதைப் படித்த மாணவி ஒருத்தி போன மாதம் தன் கதையைக் கொண்டுவந்தாள். எங்கள் கரையோரத்துப் பெண். அவள் கதையில் அம்மனுக்கு ஏழு பிரிவுகள்: அலைப் பிரிவு, நெருப்புப் பிரிவு, இப்படி. வரைபடம்கூடப் போட்டிருந்தாள். கூடையைத் தலையில் வைத்து மீன் விற்கப் போகும் பெரியம்மா முதல் பக்கத்தில் வந்து மூன்றாம் பக்கத்தில் செத்துப்போகிறாள். "பெரியம்மா ஏன் சாகணும்?" என்று கேட்டேன்.

"அப்பத்தான மேம் இவளுக்குக் கோபம் வரும்?"

கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரியம்மா கடைசிப் பக்கம்வரை உயிரோடு இருந்தால் என்ன செய்வாள் என்று எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் கொண்டுவரவில்லை.